நாலு பேர், ஏழு நாள், சென்னை

"இங்கு அரசியல் பேசாதீர்" என்ற பலகை இல்லாத டீக்கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றொரு காலம் இருந்தது. பலகைக்குக் கீழே உட்கார்ந்துதான் எல்லோரும் பேசினார்கள் என்பது வேறு விஷயம். அந்தத் தொந்தரவே இல்லாமல் மணிக்கணக்கில் பேச கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது. 1962இல் திறந்து 2008இல் மூடிய இடம். இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா. ஒரு காபியை வைத்துக்கொண்டு ஒரு மந்திரிசபையையே கவிழ்க்கலாம், சப்ளையர் முகம் சுளிக்க மாட்டார். இன்றைக்கு டோக்கன் வாங்கி நின்றபடி குடித்துவிட்டு நகர வேண்டிய ஊரில், நாலு நண்பர்கள் ஒரு வாரம் சேர்ந்து வெளியே சாப்பிடுவதென்றால் கொஞ்சம் திட்டம் வேண்டும். செய்தியைப் பற்றிய பேச்சும் தனியாக வேண்டியதில்லை. பாதிச் செய்தி தட்டில் இருக்கிறது, மீதி பில்லில் இருக்கிறது.

முதலில் நாள்கணக்கு. நாலு பேரில் ஒருவராவது செவ்வாய், வெள்ளி கவிச்சி தொடமாட்டார். புரட்டாசியில் அது நாலில் மூன்றாகிவிடும். ஆகவே திங்கள், செவ்வாய், வெள்ளியை டிபனுக்கு விட்டுவிட்டு, புதனை வடசென்னைக்கும், வியாழன், சனியை மீனுக்கும் பரோட்டாவுக்கும், ஞாயிறைப் பிரியாணிக்கும் வைத்துக்கொள்வது உத்தமம். இடத்தை முடிவு செய்யுமுன் மெட்ரோ வரைபடத்தைப் பாருங்கள், ஆனால் ரயிலுக்காக மட்டும் அல்ல. 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டப் பணியில் எந்தச் சாலை எந்த மாதம் ஒருவழியாகும் என்பது தெரியாமல் லஸ் பக்கமோ பனகல் பார்க் பக்கமோ "எட்டு மணிக்குப் பார்க்கலாம்" என்று சொல்லக் கூடாது. ஒருவர் வந்து சேர்வதற்குள் மற்ற மூவரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். இரவுக் கூட்டம் என்றால் கடைசி மெட்ரோ பதினொரு மணியை ஒட்டித்தான்; பத்தரைக்கு பில் கேட்டுவிட வேண்டும்.

டிபன் நாட்களில் காலையா மாலையா என்பதுதான் முதல் கேள்வி. மயிலாப்பூர் அருண்டேல் தெருவில் இருக்கும் ராயர் மெஸ் மாதிரியான இடங்கள் காலைக்கானவை. சின்ன இடம், பந்தி பந்தியாகத்தான் உள்ளே விடுவார்கள். நாலு பேரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்று அடம்பிடித்தால் இன்னும் அரைமணி வெளியே நிற்கலாம். இரண்டு இரண்டாகப் போனால் சீக்கிரம். இங்கே பேச்சைத் தெருவிலேயே முடித்துக்கொள்வது மரியாதை. இலைக்கு முன்னால் உட்கார்ந்து தொகுதி நிலவரம் அலசினால், வாசலில் நிற்பவர் பார்வையே எழுப்பிவிடும். பொங்கல், வடை, கெட்டிச் சட்னி, கடைசியில் காபி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பொங்கல் ஆறினால் நெய் உறைந்து பாறையாகிவிடும், எனவே இட்லியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாலைக்குத் திருவல்லிக்கேணி ரத்னா கஃபே. 1948இல் ஆரம்பித்த கடை. சாம்பார் இட்லிதான் அங்கே தனி ராஜ்ஜியம். முதல் தடவை போகிறவர்கள் செய்யும் தப்பு, சாம்பார் ஊற்றியதும் இட்லியைப் பிய்க்காமல் பேசிக்கொண்டிருப்பது. இட்லி மேலே ஈரமாகி உள்ளே வெறும் மாவாக நிற்கும். ஸ்பூனால் நாலாக வெட்டிவிட்டு, இரண்டு நிமிடம் விட்டு, முழுக்க உறிஞ்சியதும் வாளியோடு வருபவரை இன்னொரு தடவை கூப்பிட வேண்டும். சாம்பாரில் இனிப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். காரம் எதிர்பார்க்கும் நண்பர் இருந்தால் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

காபியில்தான் உலகச் செய்தி இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அராபிகா கொட்டையின் சர்வதேச விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டி, அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. பிரேசிலில் மழை பொய்த்ததும் வியட்நாமில் விளைச்சல் குறைந்ததும் காரணம். மாம்பலத்துக் காபிக்கடைக்காரர் பிரேசிலிலிருந்து கொட்டை வாங்குவதில்லை. ஆனால் சிக்கமகளூர் தோட்டக்காரர் அந்த விலையைப் பார்த்துத்தான் விற்பார். அப்படி ஏறும்போது கடைக்கு மூன்று வழி: விலையை ஏற்றலாம், டம்ளரைச் சுருக்கலாம், சிக்கரியைக் கூட்டலாம். காபி-சிக்கரி கலவை என்று விற்கும் பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அதாவது 49 வரை சிக்கரி போடலாம். கடை டிகாக்ஷனில் இதை நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, சிக்கரி கூடினால் நிறம் இன்னும் கருப்பாகத்தான் இருக்கும். நாக்கில் காபியின் வாசனை சட்டென்று போய், கெட்டியான கசப்பு மட்டும் தங்கினால் சந்தேகப்படலாம். வீட்டுக்கு வாங்கும் பொடியென்றால் சோதனை சுலபம். ஒரு கண்ணாடி டம்ளர் குளிர்ந்த தண்ணீரில் ஒரு ஸ்பூன் தூவுங்கள். காபி மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு மூழ்கும்.

ஹோட்டல் விலை ஏன் ஒன்றாம் தேதிக்கு ஏறுகிறது என்று யாராவது கேட்டால், வர்த்தக சிலிண்டரைக் கைகாட்டலாம். கடைகளில் இருப்பது 19 கிலோ. வீட்டில் இருப்பது 14.2 கிலோ. வர்த்தக விலையை எண்ணெய் நிறுவனங்கள் மாதாமாதம் முதல் தேதி மாற்றுகின்றன. ஆனால் இறங்கிய மாதத்தில் இட்லி விலை இறங்கியதாக சரித்திரம் இல்லை. முட்டை இன்னும் வேகமானது, நாமக்கல்லில் தினமும் விலை அறிவிக்கிறார்கள். தக்காளி ஒரு தனி நாடகம்: 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டியபோது சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்கள். அந்த மாதிரி வாரங்களில் தக்காளிச் சட்னி தானாகவே காணாமல்போய் தேங்காய்ச் சட்னி இரண்டு கிண்ணம் வரும். ரசத்தில் புளி மட்டும் தூக்கி நிற்கும். வெங்காயம் ஏறினால் தயிர்ப் பச்சடியில் கோஸும் வெள்ளரியும் கலக்கும். இதெல்லாம் மோசடி இல்லை, கடை நடத்தும் வித்தை. ஆனால் வெங்காய ஊத்தப்பம் கேட்டு, கோஸ் ஊத்தப்பம் வந்தால் திருப்பி அனுப்பலாம்.

விலை ஏறாத ஒரே பட்டியல் அம்மா உணவகத்தில் இருக்கிறது. 2013 பிப்ரவரியில் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. பிறகு சேர்ந்த மாலைச் சப்பாத்தி இரண்டு 3. ஆட்சி மாறியும் மூடவில்லை. 2024 ஜூலையில் புதுப்பிக்க 21 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வாரத்தில் ஒரு மதியம் நாலு பேரும் அங்கே போய்ச் சாப்பிட்டுப் பார்க்கலாம். செலவுக்காக இல்லாவிட்டாலும், மற்ற ஆறு நாள் பில்லை எதோடு ஒப்பிட வேண்டும் என்பது தெரியும்.

புதன்கிழமை அத்தோ என்ற பர்மா நூடுல்ஸுக்கு. பீச் ஸ்டேஷன் எதிரில், பர்மா பஜாருக்குப் பின்னால் செகண்ட் லைன் பீச் ரோட்டில் சாயங்காலம் வண்டிகள் வந்து நிற்கும். 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, பிறகு கடைகளையெல்லாம் அரசுடைமையாக்கியபோது பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தமிழர்களின் சமையல் இது. மியான்மர் பற்றிய செய்தியை இங்கே பேசாமல் வேறு எங்கே பேசுவது!

அத்தோவில் கவனிக்க வேண்டியது கலக்கும் வரிசை. வெந்து எண்ணெய் தடவி வைத்த தட்டை நூடுல்ஸ், பொடியாக அரிந்த கோஸ், வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு, எல்லாவற்றையும் கையால் பிசைவார்கள். வறுத்த வெங்காயமும், நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறு வறுவலும் கடைசியில் விழ வேண்டும். முன்னால் விழுந்தால் புளித்தண்ணீரில் ஊறி சவசவ என்றாகிவிடும். "பேஜோ மேல போடுண்ணே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாங்கிய ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட வேண்டிய பொருள். பார்சல் வாங்கினால் பேஜோவைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். நாலு பேருக்கு இரண்டு அத்தோ, ஒரு மொய்ங்கா (சூப் ஊற்றிய நூடுல்ஸ்), ஆளுக்கு ஒரு முட்டை. முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயமும் பூண்டும் எண்ணெயும் புளியும் வைத்து முழுசாக வாயில் போட வேண்டும். கடித்தால் சட்டை நாசம். வாழைத்தண்டு சூப்பைக் கேட்டால் மறுபடி ஊற்றுவார்கள். ஏழரைக்கு முன்னால் போவது நல்லது. நேரமாக ஆக நூடுல்ஸ் ஒட்டிக்கொள்ளும், வெயில் நாளில் லேசாகப் புளிப்பு வாடையும் வரும். அந்த வாடை புளித்தண்ணீருடையதா நூடுல்ஸுடையதா என்று யோசிக்கத் தோன்றினாலே அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடுங்கள்.

அங்கிருந்து கிளம்பும்போது பஜ்ஜி வாங்கினால் எதில் வைத்துத் தருகிறார் என்று பாருங்கள். பேப்பரில் மடித்த பஜ்ஜியின் எண்ணெய் வழியாகப் பழைய செய்தி படித்த தலைமுறை நாம். மையில் ஈயம் போன்றவை இருக்கின்றன, சூடான எண்ணெய் அதை இழுத்துக்கொள்கிறது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 செப்டம்பரில் மறுபடி எச்சரித்தது. தையல் இலையோ வாழையிலைத் துண்டோ கேளுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டும் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. கொதிக்கும் சாம்பாரைக் கட்டித் தரும் மெல்லிய கவரும்தான். பார்சல் வாங்கும் உத்தேசம் இருந்தால் இரண்டு எவர்சில்வர் தூக்கு எடுத்துப் போவது சிரமமே இல்லை. அளவும் கூட விழும்.

மீனுக்கு நாள் பார்க்கிறோமோ இல்லையோ, மாதம் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். நாட்டுப் படகுகளும் ஃபைபர் படகுகளும் மட்டும் கரையோரம் போய்வரும். மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆகவே மே மாதத்தில் "ஃப்ரெஷ் வஞ்சிரம்" என்று கடைக்காரர் சொன்னால் அது கேரளத்திலிருந்தோ மங்களூரிலிருந்தோ ஐஸில் வந்ததாக இருக்கும், அல்லது பழைய ஃப்ரீசர் சரக்கு. ஜூன் முதல் இரண்டு வாரம் இரு கரையிலும் தடை. அப்போது வஞ்சிரத்துக்குப் பெரிய விலை கொடுப்பதைவிட நெத்திலி, மத்தி கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில் வறுத்துத் தரும் கடைகளில் நாலு பேர் போனால் முதல் வேலை விலை கேட்பது. துண்டு விலையா, சைஸ் விலையா, முழு மீனுக்கா என்று தெளிவாகக் கேட்டபிறகே கை காட்டுங்கள். சிவப்பு மசாலாவில் ஊறிக் கிடக்கும் மீனின் வயதை நிறத்தால் சொல்ல முடியாது, மசாலாவின் முக்கிய உபயோகங்களில் அதுவும் ஒன்று. வஞ்சிரத் துண்டில் நடுமுள்ளைச் சுற்றிய சதை முள்ளை விட்டு விலகியிருந்தால் பழசு. மூக்கில் சுர்ரென்று ஏறும் நெடி வந்தால் பேச்சே வேண்டாம். அப்புறம் எண்ணெய். காய்ந்து காய்ந்து எண்ணெயில் சேரும் கழிவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி. கருவி இல்லாமல் பார்க்க ஒரு வழி: மீன் போடாமலே நுரை அடங்காமல் நிற்கிறதா, அடுப்பைக் கூட்டாமலே புகைகிறதா என்று கவனியுங்கள்.

சனிக்கிழமை பரோட்டா. இதில் ஒரு வேடிக்கை. பாக்கெட் பரோட்டாவுக்கு 18 சதவீத வரியா 5 சதவீதமா என்று கேரளத்தில் பல வருஷம் வழக்கு நடந்தது. கடைசியில் 2025 செப்டம்பர் 22 முதல் பரோட்டா, சப்பாத்தி வகைகளுக்கு ஜிஎஸ்டி பூஜ்யம் என்றார்கள். அந்த வார இறுதியில் எத்தனை மேஜைகளில் "பரோட்டாவுக்கு வரி இல்லைன்னு பேப்பர்ல போட்டிருக்கானே" என்ற சண்டை நடந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது பரோட்டா விற்பனை அல்ல, உணவகச் சேவை. அதற்கு 5 சதவீதம் அப்படியேதான். கோவை ஹோட்டல்காரர் ஒருவர் 2024இல் நிதியமைச்சரிடம், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே வைக்கும் கிரீமுக்கு 18 சதவீதம் என்று சொன்னதற்கு ஊரே சிரித்தது. சிரித்த அளவுக்கு யாரும் தங்கள் பில்லைப் படிக்கவில்லை என்பது என் கட்சி.

பில்லைப் படிப்பது இப்படி. மேலே 15 எழுத்து-எண் கொண்ட ஜிஎஸ்டி பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாடு என்றால் 33இல் ஆரம்பிக்கும். உணவு உரிமம் 14 இலக்கம். கீழே மத்திய வரி 2.5, மாநில வரி 2.5. பதிவு எண்ணே இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் கேளுங்கள். மொத்த விற்பனைக்கு ஒரே சதவீதமாகத் தாங்களே வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடைகள் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவே கூடாது, அதை பில்லிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். வரிக்கு மேலே "சர்வீஸ் சார்ஜ்" என்று 5 முதல் 10 சதவீதம் இருந்தால் அது அரசாங்கத்துக்குப் போவதில்லை. தானாகச் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28இல் உறுதி செய்தது. 1,200 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு வெறும் வரி சேர்ந்தால் 1,260. பத்து சதவீத சர்வீஸ் சார்ஜும் அதன்மேல் வரியும் சேர்ந்தால் 1,386. அந்த 126 ரூபாயை எடுக்கச் சொல்வதற்குக் கூச்சம் வேண்டாம். எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பரிமாறியவருக்குத் தர வேண்டியதைக் கையில் பணமாகத் தந்துவிடுங்கள்.

பங்கு பிரிப்பதில்தான் நட்பு உரசும். சமமாக வகுப்பது சைவக்காரரைத் தண்டிக்கும். ஒவ்வொரு பைசாவாகப் பிரிப்பது எல்லோரையும் தண்டிக்கும். நடுவழி ஒன்று உண்டு: தண்ணீர், பொதுவான ஸ்டார்ட்டர், கடைசி டீயைச் சமமாக வகுத்துவிட்டு, ஆளுக்கொரு முக்கிய ஐட்டத்தை மட்டும் விலையை வரிக்காக 1.05ஆல் பெருக்கித் தனித்தனியாகச் சேர்க்கலாம். ஒருவர் கட்டிவிட்டு மற்றவர்களுக்கு யுபிஐயில் பணம் கேட்டு ரிக்வெஸ்ட் அனுப்பும் வழி 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கு இல்லை, மோசடிக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள். கட்டியவர் தன் க்யூஆர் படத்தை குரூப்பில் போட வேண்டியதுதான். 2025 ஏப்ரல் 12 சனிக்கிழமை நாடு முழுக்க யுபிஐ படுத்த மாதிரி இன்னொரு நாள் வரும். நாலு பேரில் ஒருவர் பையிலாவது இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு இருக்கட்டும்.

பரோட்டா கடைக்குப் பக்கத்திலேயே ஷவர்மா சுழலும். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட சிறுமி இறந்தபின் ஊரெங்கும் சோதனை நடந்தது. பச்சை முட்டை மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு தடை செய்தது. மயோனைஸை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். கம்பியில் இறைச்சியின் மேல்தோல் வெந்திருக்கும்; கூட்டம் அதிகமானால் மாஸ்டர் வேகாத அடுத்த அடுக்குவரை சீவிவிடுவார். சீவிய துண்டுகளைக் கல்லில் ஒருமுறை புரட்டித் தரச் சொல்லுங்கள். கொத்து பரோட்டாவில் இந்தப் பயம் குறைவு, கல்லின் சூடும் கொத்தின் சத்தமும் எதையும் விடாது. அதில் கெட்டுப்போவது சால்னா, மதியச் சால்னாவைத் தண்ணீர் விட்டு நீட்டியிருந்தால் எண்ணெய் தனியாக, நீர் தனியாக நிற்கும்.

ஞாயிறு பிரியாணிக்கு வெளியே போவதைவிட ஒரு நண்பர் வீட்டுக்கு பக்கெட்டாக வாங்குவது மேல். ஒன்று மட்டும் தொலைபேசியிலேயே கேளுங்கள்: ஒரு கிலோ என்றால் அரிசிக் கணக்கா, வெந்த எடையா? ஒரு கிலோ சீரக சம்பா வெந்தால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ சோறு, இறைச்சி தனி. எட்டுப் பேர் சாப்பிடலாம். வெந்த எடையில் ஒரு கிலோ என்றால் மூன்று பேருக்கே இழுபறி. நாலு பேருக்கு அரிசிக் கணக்கில் அரைக் கிலோ போதும். சோறு போதாது என்று தோன்றினால் இன்னொரு பிரியாணி வேண்டாம், ஒரு குஸ்கா சொல்லுங்கள். கத்திரிக்காய் தொக்கு கூடக் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் தருவது இரண்டு ஸ்பூன்தான். முதல் தம் உடைக்கும் நேரம் பெரும்பாலும் பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டு. மூன்று மணிக்கு வாங்கினால் அடிச் சோறும் உதிர்ந்த இறைச்சியும் கிடைக்கும். சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி நெடுநேரம் கிடந்தால் அதில் வளரும் கிருமியின் நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். பக்கெட்டோடு வைத்தால் நடுச்சோறு ராத்திரிவரை வெதுவெதுப்பாகவே இருக்கும்.

எலும்பு மிச்சம் இருக்கும். அதைத் தெருநாய்க்குப் போடலாமா என்பதே இப்போது செய்தி. கண்ட இடத்தில் உணவிடக் கூடாது, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் போட வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் வாட்ஸாப் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. அந்த விவாதத்தை சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அது லேசில் முடியாது. எந்தக் கட்சியில் இருந்தாலும் வெந்த கோழி எலும்பை நாய்க்குப் போடாதீர்கள். வெந்தபிறகு அது ஊசிமுனையாகப் பிளந்து தொண்டையில் மாட்டும். ஒரு வாழையிலையில் சுற்றி மட்கும் குப்பைக்கான தொட்டியில் போட்டுவிடுங்கள்.